ஒரேத்தோவில் நடந்த மன்னார்த் தேர்தல்

வியாழன் காலை ஒன்பதே கால். பாரிஸ் விமானம் கடலை உரசுவதுபோலத் தாழ்ந்து இத்தாலியின் பலெர்மோவில் இறங்கியது. நகரம் அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்துக்கு ஆறரை யூரோ. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மொட்டை மலைகள். பக்கத்து ஊரான பகேரியாவின் பழைய மாளிகைகளைப் பார்க்கத்தான் வந்தேன். முதலில் பார்த்தது இலங்கையின் நாடாளுமன்றத் தேர்தலை.

பத்தரை. பேருந்து நிலையத்தில் காத்திருந்த நண்பன் அன்ரன் ஒரு கையால் என்னைக் கட்டிப்பிடித்தான். மறு கையில் கைபேசி.

"அக்கா, தம்பியின்ர சின்னத்துக்குத்தான் போடவேணும். மறந்திடாதேங்கோ!"

மன்னாரில் அவன் தம்பி ஒரு சுயேச்சைக் குழுவில் நின்றான். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லை. அதனால் அன்ரன் தொலைபேசியிலேயே பிரசாரம் செய்துகொண்டிருந்தான்.

நகரின் ஒரேத்தோ பகுதியில் அவர்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும், சமையலறையில் அவன் மனைவி மெற்றில்டா கைபேசியில் பேசும் குரல் கேட்டது. "மச்சாள், என்ர அண்ணாவைக் கைவிட்டிடாதேங்கோ!"

அவளுடைய அண்ணன் நின்றது வேறொரு கட்சியில். நகரின் கால்சா பகுதியில் அவள் வேலைசெய்யும் வீட்டுச் சின்யோராவிடம், தேர்தல் என்று சொல்லி லீவு எடுத்திருந்தாள். "நீயா நிற்கிறாய்?" என்று அந்த அம்மா கேட்டாராம்.

இருவரும் அழைத்தது ஒரே ஆளைத்தான்: அன்ரனின் அக்கா ரெஜினா. வாக்குச்சீட்டில் ஒரு கட்சிக்குத்தான் புள்ளடி போடலாம். ரெஜினாவோ இருவருக்கும் "ஓம், ஓம்" என்றிருந்தார்.

"அக்கா எனக்குத்தான் சொன்னவ."

"எனக்கும்தான் சொன்னவ. சத்தியமும் பண்ணினவ!"

விருந்தாளிக்குக் கோப்பி கொடுக்க இருவருக்கும் நினைவில்லை. நானே போட்டுக் குடித்தேன்.

பதினொன்றே முக்கால். இலங்கையில் வாக்களிப்பு முடிந்துவிட்டது. ரெஜினா அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி அன்ரன் கைபேசியை மேசையில் வைத்தான்.

"வரிசையில நிக்கேக்கை ரெண்டு பேரும் மாறி மாறிப் போன் அடிச்சியள். போனோட உள்ளுக்கு விடேலாது எண்டு பொலிஸ்காரன் சொல்லிப்போட்டான். போனை வீட்டில வைச்சிட்டு ஓடியாறன், கேற்றைப் பூட்டிப்போட்டாங்கள்!"

"அப்ப வோட்டு?"

"ஒருத்தருக்கும் இல்லை. இனி ரெண்டு நாளைக்கு எனக்கு எடுக்காதேங்கோ."

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. இரண்டு பேருமே தோற்றிருந்தார்கள். அன்ரன் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மெற்றில்டா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"உங்கட தம்பி சரியாக் கவலைப்படுவான். ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ."

"உம்மட அண்ணாவோட நானும் கதைக்கிறன்," என்றான் அன்ரன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்களாம்.

சனிக்கிழமை மூவரும் ரயிலில் பகேரியா போனோம். மாளிகை மதிலில் கோணல் முகச் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மன்னாரிலிருந்து அழைப்பு. தோற்ற இருவரும் கூட்டுச் சேர்ந்து புதுக் கட்சி தொடங்குகிறார்களாம். இத்தாலியிலும் ஒரு கிளை வேண்டுமாம்.

பாரிஸில் என் தெருவின் வாக்குச்சாவடி நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. மழை என்றால் நான் போவதில்லை. இவர்களுக்கு வாக்கே இல்லை. ஆனாலும் ஒரு தேர்தலை நடத்தி முடித்துவிட்டார்கள். ஞாயிறு விமானத்தில் இதை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

இத்தாலிக் கிளையில் இப்போதைக்கு இரண்டு பேர். இருவருமே தலைவர்.