வெள்ளிக்கிழமை வந்த குழாய்க்காரர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஆம்பூருக்குக் குடிவந்தோம். ஊர் பிடித்து வந்தவர்கள் அல்ல. நான் பாடம் நடத்திய கல்லூரி மேற்கே ஒரு பேருந்துத் தொலைவில் இருந்தது. என் மனைவி சிகிச்சை பெற்றுவந்த மருத்துவமனை கிழக்கே, வேலூரில். இரண்டுக்கும் நடுவில் ஆம்பூர் இருந்தது; அவ்வளவுதான். வாங்கிய சிறிய வீட்டில் கிணறு உண்டு. ஆனால் தோல் பதனிடும் கழிவு இறங்கி, அந்த நீர் பாத்திரம் கழுவவும் ஆகாததாக இருந்தது. நல்ல தண்ணீருக்குத் தெருமுனைக் குழாயே கதி.

குடம் தூக்கும் நிலையில் அவள் இல்லை. ஆகவே நாள்தோறும் கல்லூரிக்குப் புறப்படுமுன் நான் குடத்துடன் வரிசையில் நிற்பேன். அந்த வரிசையில் நான் ஒருவனே ஆண்.

"இன்னா சார், அம்மாவ மகாராணியாட்டம் வெச்சிருக்கீங்க. எங்க வூட்லயும் ஒண்ணு கீதே, ஒரு சொம்புத் தண்ணி மொண்டு தராது" என்றாள் எனக்கு முன்னால் நின்ற பெண். வரிசை முழுவதும் சிரித்தது.

நான் நிரப்பி வைத்த அண்டாவில் தண்ணீர் எப்போதும் இருந்தது. ஆனால் அது அடிக்குப் போனபின் குனிந்து மொள்ள அவளால் முடியவில்லை. "கை கழுவக்கூட யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கு. நானே திறந்து, நானே மூடுற மாதிரி ஒரு குழாய் இருந்தாப் போதும்" என்றாள். எதையும் கேட்டுப் பழகாதவள் கேட்ட ஒன்று அது.

எளிய காரியம் என்று நம்பினேன். வீட்டு இணைப்பை உரிமம் பெற்ற பிளம்பர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றது நகராட்சி. குழாய் மாட்டத் தெரிந்தவர்கள் ஊரில் ஏராளம். உரிமம் உள்ளவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. ஒருவர் வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டிருந்தார். இன்னொருவர் கண் மங்கி வேலையை விட்டிருந்தார். எஞ்சியவர் ஒரு தோல் தொழிற்சாலையில் இருந்தார். தோல் வேலைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அவரை அங்கிருந்து அசைக்க முடியாது. வீட்டு வேலைக்கு வருவதென்றால் வார விடுமுறையில் மட்டுமே வருவார் என்றார்கள்.

விடுமுறை என்றதும் நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி பேசினார். "வேலைக்குப் போய்ட்டாரு சார். சொல்றேன், வருவாரு." அடுத்த ஞாயிறும் அதே திரை, அதே பதில். அதற்கடுத்த முறை, "வந்தாரே சார், வூடு பூட்டியிருந்துச்சாம்" என்றார்.

நடக்கவே தடுமாறும் ஒருத்தி இருக்கும் வீடு எப்படிப் பூட்டியிருக்கும்? எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தோல் கிடங்கு. அதன் காவலாளியைக் கேட்டேன். "நான் பாக்க யாரும் வர்லியே சார்" என்றார். இது போதாதா? மறு ஞாயிறு திரையைப் பார்த்து, "எங்கள் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்கிறவர், வராமலே வந்தேன் என்கிறவர்: இவருக்கு எந்த அடிப்படையில் உரிமம் கொடுத்தார்கள் என்று வீட்டில் நெடுநேரம் பொருமினேன். அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

வெள்ளிதோறும் நாங்கள் விடியலிலேயே கிளம்பி வேலூருக்குச் சிகிச்சைக்குப் போவோம். அன்றைக்கு வகுப்பு வராதபடி கல்லூரியில் ஏற்பாடு செய்திருந்தேன். ஒரு வெள்ளியன்று மருத்துவர், இனி அவளை இவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். அதன் பொருள் இருவருக்கும் விளங்கியது. திரும்பும் வழியில் பேருந்து ஜன்னலை மூடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

மறு வெள்ளி முதல்முறையாக நாங்கள் வீட்டில் இருந்தோம். காலையில் யாரோ கதவை இடித்தார்கள். தோளில் கருவிப் பை, முகத்தில் கடுகடுப்பு. அந்தக் குழாய்க்காரரேதான்.

"இன்னா சார் நீங்க? ஆளு எப்பவும் இருக்கும்னு சொல்லி அனுப்புறீங்க, வந்து பாத்தா பூட்டு தொங்குது. எனக்கு இருக்கறதே இந்த ஒரு நாள் லீவு. தொழுகைக்கு முன்னாடி ஓடியாந்து உங்க பூட்டப் பாத்துட்டுப் போறதே பேஜாராப் போச்சு."

"ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது நீங்கள் வீட்டில் இருந்ததுண்டா?" என்றேன் நான்.

"ஞாயித்துக்கிழமை நான் எதுக்கு சார் வூட்ல இருக்கணும்? எந்த டேனரி சார் இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை மூடுது?"

அவர் தோளுக்கு மேலாக எதிர்ப்புறம் பார்த்தேன். கிடங்கின் கதவு சாத்தியிருந்தது. காவலாளியின் நாற்காலியையும் காணோம். இந்தத் தோல் ஊர்களுக்கு வார விடுமுறை வெள்ளி. எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அதற்கு முன் நான் கேட்டிராத சத்தம். "உங்க வாசலை அவரும் அவர் வாசலை நீங்களும் காவல் காத்திருக்கீங்க. பாய், சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம், உள்ள வாங்க" என்றாள்.

அவளைக் கண்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. சமையலறை மூலையில் பலகை போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். "இங்க வைங்க."

"அவ்ளோ கீழயாம்மா? குடம் உள்ள போகாதே."

"சொம்பு போகுமா?"

"சொம்பு போகும்."

"அப்ப சரி."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவள் விரல் இருந்த இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார்.

அனுமதி வாங்கி, தெருவைத் தோண்டி, இன்னொரு வெள்ளியன்று இணைப்பைக் கொடுத்தார். அவள் பலகையில் உட்கார்ந்தபடி குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போதும்மா, தெருவுக்கும் கொஞ்சம் வெய்யுங்க" என்றார். மழைக்காலம் பிறக்குமுன் அவள் போய்விட்டாள். கடைசி வாரம் வரை கை கழுவ யாரையும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு பழுது பார்க்க வந்த ஒவ்வொருவரும் அந்தக் குழாயைப் பார்த்து, இவ்வளவு கீழே எந்த மடையன் வைத்தான் என்று கேட்டு, உயர்த்தித் தருவதாகச் சொல்லி என் பொறுமையைச் சோதித்திருக்கிறார்கள். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். இன்றும் முதுகு வலிக்கக் குனிந்துதான் தண்ணீர் பிடிக்கிறேன். குனியும்போதெல்லாம், வரவே இல்லை என்று நான் சினந்துகொண்டிருந்த ஒருவர், நாங்கள் இல்லாத வாசலில் வெள்ளிதோறும் வந்து நின்றிருந்தார் என்பது நினைவுக்கு வருகிறது.