அழிக்காமல் வைத்த ஒத்திகைத் தாள்

தங்கைக்குத் தேர்வு என்றால் அக்காவின் தையல் மெஷினுக்கு விடுமுறை. அன்றும் காலை ஒன்பதரைக்கே மெஷினை உறை போட்டு மூடிவிட்டாள். பொத்தான் வைக்காத பள்ளிச் சீருடைகள் முப்பது மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியை வாசலிலேயே மறித்தாள்.

"இன்னும் ஆகலையா? உன் தங்கச்சி எத்தனை வருஷம்தான் பரீட்சை எழுதுவா? ஒண்ணாங்கிளாஸ்ல இருந்த எம் பொண்ணு காலேஜுக்கே போயிட்டா!"

"மெதுவா பேசுங்க. வீட்டுலேருந்தே கம்ப்யூட்டர்ல எழுதறா, உள்ள கேமரா ஓடுது. சத்தம் கேட்டா யாரோ விடை சொல்லித் தர்றாங்கன்னு நினைச்சுக்குவாங்க."

"யாரு, நீயா? நீ சொல்லிக் குடுத்தா உருப்பட்ட மாதிரிதான்."

அக்காவும் சேர்ந்து சிரித்தாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் அவள். ஆனாலும் தங்கை ஏறவேண்டிய படிகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

தங்கை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ப்ரீமியம் கணக்கிடும் பிரிவில் இருந்தாள். கணக்கைப் போடுவது இவள். அதில் கையெழுத்துப் போட மட்டும் முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரி, அதாவது காப்பீட்டுக் கணக்கு நிபுணர், வேண்டும். அந்தத் தகுதிக்குப் பதிமூன்று தாள்கள். மூன்று வருஷ வேலை அனுபவத்தை மேலதிகாரியின் கையெழுத்தோடு எழுதிவைத்த குறிப்பேடு. தொழில் ஒழுக்கம் பற்றி இரண்டு நாள் வகுப்பு. அதில் பத்து நிமிஷம் எழுந்து போனாலும் செல்லாது என்பதால் காய்ச்சலோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். எல்லாம் முடிந்து ஒரே ஒரு தாள்தான் மிச்சம். அது ஐந்து முறை, இரண்டு மூன்று மதிப்பெண்ணில் கைநழுவியிருந்தது.

இந்தத் தடவையோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. தவறினால் முன்பு தேறிய இரண்டு தாள்களும் செல்லாமல் போய்விடும். மறுபடி மூன்று எழுத வேண்டும். மேலதிகாரியும் சொல்லிவிட்டார்: "இப்ப முடிச்சா கையெழுத்துப் போடற அந்த நாற்காலி உங்களுக்கும்மா. இல்லேன்னா வெளியிலிருந்து ஆள் எடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

அதனால் ஆறு மாதமாக ஞாயிறுதோறும் வீட்டில் ஒத்திகை. அலாரம் கடிகாரத்தோடு அக்கா கதவருகே உட்காருவாள். மூன்றேகால் மணி நேரம் ஆனதும், "போதும், கையை எடுடி" என்பாள். தேர்வுக்கு அனுப்பும் விடைக் கோப்புக்கு எழுதுபவரின் பெயரை வைக்கக் கூடாது, தேர்வு எண்ணைத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. கை பழகட்டும் என்று ஒத்திகைக் கோப்புக்கும் தங்கை அதே எண்ணையே வைப்பாள். திருத்தி முடித்ததும் அழித்துவிடுவாள். "தப்பையே பாத்துட்டிருந்தா அது மனசுல ஒட்டிக்கும்" என்பாள்.

போன ஞாயிறு எழுபத்தொன்று வந்தது. அதுவரை அறுபதைத் தாண்டியதே இல்லை.

"இதையாவது அழிக்காம வையேன்டி. எனக்காக" என்றாள் அக்கா. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் திரையில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேர்வு நாளன்று ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. "அக்கா, எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன். அனுப்பியும் ஆச்சு." தங்கை அப்படிச் சொல்லி அக்கா கேட்டதே இல்லை. சோறு போட்டாள். மெஷினின் உறையைக் கழற்றினாள். நாலு பொத்தான் வைப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அலறல்கூட இல்லை.

"அக்கா... ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கே."

அனுப்பியதற்கு வந்த ரசீதில், கோப்பைச் சேமித்த தேதி இருந்தது. போன ஞாயிறு. போயிருப்பது ஒத்திகைத் தாள். இன்று எழுதியது கம்ப்யூட்டரிலேயே இருந்தது, அதே எண்ணோடு.

தங்கை தேர்வு அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"நேரம் முடிஞ்சிருச்சு மேடம். வந்த ஃபைலைத்தான் திருத்துவாங்க" என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல்.

"அது வேற கேள்விக்கு எழுதினதுங்க. இன்னிக்கு எழுதினது ஒண்ணே காலுக்குச் சேமிச்சிருக்கு, நேரம் அதுலயே பதிவாயிருக்கு. இப்பவே அனுப்பறேன். கேமராவுல பாருங்க, நான் எழுதினது தெரியும்... மேடம், தயவு பண்ணுங்க. பன்னெண்டு வருஷம்ங்க."

"புரியுது மேடம். எழுத்துல குடுங்க."

எழுத்தில் கொடுத்தாள். பதினோரு நாள், போன் சிணுங்கும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. தங்கை அதை அக்காவுக்காகத் தமிழில் சொன்னாள். மூன்றே வரி. விதிப்படி, வந்துசேர்ந்த கோப்பு மட்டுமே விடைத்தாள்.

"நான்தானேடி அழிக்க வேணாம்னு..." என்று தொடங்கினாள் அக்கா.

"அனுப்பினது நீ இல்லையேக்கா." தங்கை சிரித்தாள், கேட்கவே நன்றாக இல்லாத சிரிப்பு. "ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் எங்கே ஆபத்துன்னு கணக்குப் போடறவ நான். இதுக்குப் போடலை பாரு."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அக்காவுக்கு.

அடுத்த மாதம் அந்த நாற்காலிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். தங்கையை விட ஒன்பது வயது சின்னவர். அவருக்கு வேலையைப் பழக்கிவிடும் பொறுப்பும் தங்கையின் தலையில் விழுந்தது.

ஞாயிறு வந்தது. அக்கா மெஷினுக்கு உறை போட்டாள், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள், கதவருகே உட்கார்ந்தாள். தங்கை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அக்கா அவளைக் கூப்பிடாமல் கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றேகால் மணி நேரம் கழித்து அலாரம் அடித்தது.

"அதை நிறுத்துக்கா" என்றாள் தங்கை, திரும்பாமல்.

அக்கா நிறுத்தினாள்.