பத்துப் பத்தாகப் புளியங்கொட்டை போட்ட லூர்து

கஜா புயலில் மரமெல்லாம் சாய்ந்து கிடந்த வருஷம், புளியங்கொட்டையை வைத்து மனத்திடத்தை அளந்தார்களே... அந்த லூர்து தங்கச்சி இன்று காலை போய்விட்டாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் செய்கிறாள்.

அப்போது நான் திண்டுக்கல்லில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கான ஒரு சென்டரில் வாட்ச்மேன். லூர்துவுக்கு வீடு சாணார்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர் அப்போதே இல்லை. மகன் சவரிக்குப் பதினாறு வயது, இரண்டு காலும் விறைத்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் பிசியோ சிஸ்டர் வீட்டுக்கே போய்க் காலை நீட்டி மடக்கிவிடுவார்.

ஒருநாள் சர்வே எடுக்க வெளியூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். இப்படிப் பிள்ளைகளை வளர்க்கிற தாய்மாருக்கு எவ்வளவு மனத்திடம் இருக்கிறது என்று அளக்க வேண்டுமாம். எல்லா வீடும் எனக்கு மனப்பாடம்... வழி காட்ட என்னையும் வேனில் ஏற்றினார்கள்.

கேள்விக்கு ஒரு கிண்ணம். திடம் எவ்வளவோ அவ்வளவு கொட்டை போட வேண்டும். பத்து போட்டால் முழுத் திடம்.

லூர்து என்னைத் தனியே கூப்பிட்டாள். "ஏண்ணே, இதுல எதுவும் வில்லங்கம் இருக்கா?"

"படிக்கிற பிள்ளைக தங்கச்சி. நோட்டுல எழுதிட்டுப் போயிருவாக, சும்மா போடு." என்னிடம் அவர்கள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

"பையனைத் தனியா சமாளிச்சிடுவோம்னு எவ்வளவு நம்பிக்கை இருக்குக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

சவரி பக்கத்தில் பாயில் கிடந்தான். பேச்சு வராது, காது நன்றாகக் கேட்கும். அம்மா கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து போட்டாள். எல்லாக் கிண்ணத்திலும் பத்து. "ஏம்மா, இம்புட்டுக் கொட்டை எடுத்தீகளே, புளியை யாரு வீட்டுக் குழம்புல கரைச்சீக?" என்று அந்தப் பெண்களைக் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும்.

இரண்டு மாதத்தில் லூர்து வீட்டுக்கு சிஸ்டர் போவதை நிறுத்திவிட்டார்கள்.

"சர்வேல அந்தம்மா ஸ்கோர்தான் டாப்பு. தாங்கிக்குவாங்க. முடியாதவங்க வீட்டுக்கு சிஸ்டரை அனுப்புறோம்" என்றார் ஆபீஸ் மேடம்.

"மகன் கேட்டுக்கிட்டுக் கெடந்தான் மேடம்... பெத்தவ எப்பிடிக் கொறைச்சுப் போடுவா?"

"நீங்க போய் கேட்டைப் பாருங்க தாத்தா."

லூர்துவிடம் நானே போய்ச் சொன்னேன்.  "நீங்க சும்மா போடத்தானே சொன்னீக... உள்ள போயி உக்காருங்கய்யா, தண்ணி கொண்டாரேன்" என்றாள்.

அதுவரைக்கும் அண்ணே. அன்றிலிருந்து ஐயா. சர்ச்சில் பார்த்தாலும் ஐயா, பஸ்ஸில் பார்த்தாலும் ஐயா.

அவளே சவரியின் காலை நீட்டிவிட்டுப் பார்த்தாள். மடங்கியது மடங்கியதுதான். பிறகு அவனைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பும் போனது.

இன்று சென்டரின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டு, தளராத தாய் என்று எழுதியிருக்கிறார்களாம். பேத்தி வாசித்துக் காட்டினாள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நாளை காலை அடக்கம். வாரேன் தங்கச்சி... நீ என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி.

அந்த வீட்டில் இனி இருப்பது சவரி மட்டும்தான்.