கோவக்காரி என்ற பேர்

காரைக்கால்மேட்டில் தையல்நாயகி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கோவக்காரி வீடு என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். பத்தொன்பது வயதில், அவள் கேட்ட விலை காதில் விழாததுபோல் நின்ற ஏலக்காரர் காலடியில் ஒரு கூடை மத்தியைக் கவிழ்த்தாள். அன்று ஒட்டிய பேர். இப்போது வயது நாற்பத்து நாலு. குரும்பகரத்துக்கு மீன் விற்கப் போனாலும் அந்தப் பேர் அவளுக்கு முன்னால் போய் நிற்கிறது.

டவுனிலிருந்து அமலராணி டீச்சர் வந்து, புதன்கிழமைதோறும் ஆண்கள் வலை பழுதுபார்க்கும் வலைக்கூடத்தில் பெண்களை வட்டமாக உட்காரவைத்தபோது, தையல்நாயகி வேடிக்கை பார்க்கத்தான் போனாள். டீச்சர் சொல்லித்தந்த மனப் பயிற்சிக்குப் பேர் சைக்கோசிந்தசிஸ்; அது யார் வாயிலும் நுழையவில்லை. புதன்கிழமைக் கூட்டம் என்றே ஆகிவிட்டது. நமக்குள் பல ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை அடையாளம் தெரிந்துகொண்டால் முடிவை நாம் எடுக்கலாம் என்றார் டீச்சர். பிறகு ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: "எனக்குக் கோபம் உண்டு, ஆனால் நான் என் கோபம் அல்ல. எல்லாரும் சொல்லுங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"இது யாரு டீச்சர் பேசுற தமிழு?" என்றாள் தையல்நாயகி. "நாங்க கோவம் வருதுன்னுதான் சொல்லுவோம். வர்றது வேற ஆளு, நான் வேற ஆளு. இதுக்கு எதுக்குத் தாளு?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வருவது வேறு ஆள் என்றால், இருபத்தைந்து வருஷமாக அந்த ஆளின் பேரையா சுமக்கிறோம்?

டீச்சர் தாளை மடித்து வைத்தார். அன்றிலிருந்து வாராவாரம் ஒவ்வொருத்தியும் தனக்கு என்ன வந்தது, வந்தபோது தான் என்ன செய்தாள் என்று சொல்லவேண்டும். அழுகை வந்தால் யாரும் தடுப்பதில்லை.

அந்த அழுகைதான் வினையானது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகுகள் கரையில் நிற்க, கூடத்தில் வலை வேலை குவிந்தது. ஒப்பாரி வைக்க இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள் பஞ்சாயத்தார். வேறு இடமும் கிடையாது. கூடம் போனால் கூட்டமும் போயிற்று.

"நான் போயி கேக்குறேன்," என்றாள் தையல்நாயகி.

"நீ வேணாம்டி," என்றாள் கூட மீன் விற்கும் அஞ்சுகம். "நீ கத்துவ, அவங்க கதவைச் சாத்துவாங்க."

"கத்தமாட்டேன். நான்தான் போவேன்."

பஞ்சாயத்துத் தலைவர் சுப்ராயன் அவளைக் கண்டதுமே, "கோவக்காரி வர்றா, காதைப் பொத்திக்குங்கப்பா," என்றார். ஆண்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. அது அடங்கும்வரை நின்றாள்.

"ஆமா மாமா, கோவம் வருது. வந்து பக்கத்துல நிக்குது. நிக்கட்டும், நான் பேசிட்டுப் போறேன். நாலு மணிக்கு நீங்க வேலையை முடிச்சிடுறீங்க. அதுக்கப்புறம் சுவரோரமா உக்காந்துக்குறோம். வலையைத் தாண்டமாட்டோம். ஆறு மணிக்கு எடத்தைக் கூட்டிட்டுப் போயிடுறோம்."

"அழுவுறதுக்கா கூடம் கட்டுனோம்?"

மறுபடி வந்தது. மறுபடி நின்றாள்.

"கூட்டத்துக்கு வந்ததுலேர்ந்து, இந்த நாலு மாசமா ஏலத்துல நான் யாரையாவது ஏசினேனா? நீங்களே சொல்லுங்க மாமா."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அதாங்க, ஏலமே சப்புன்னு போச்சு!"

சுப்ராயனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வலைமேல ஒரு கால் பட்டாலும் அடுத்த புதன் கெடையாது. பாத்துக்க."

அந்தப் புதன், வலைக்குவியலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு முழ அகல இடத்தில் பதினோரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"கோவக்காரி, தள்ளி உக்காரு," என்றாள் அஞ்சுகம்.

தையல்நாயகி அசையவில்லை. "கோவம் வர்ற தையல்நாயகின்னு கூப்பிடு. நீளமா இருந்தா தையலுன்னு கூப்பிடு."

"சரிடி தையலு. தள்ளு."

தள்ளி உட்கார்ந்தாள்.