சுத்தமான அடி

அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக மாவுக்கட்டுப் போட்டு வந்தாள் அவள். டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் மட்டும் அதே மூலையில், முழங்கை வரை வெள்ளை அப்பிக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் அவள் மாவக்கா. "மாவக்கா அதட்டினா எலும்பே பயந்து ஒட்டிக்கும்" என்பது அந்த வார்டின் பழைய கேலி.

எலும்பைப் பார்த்தே அடி வந்த விதத்தைச் சொல்லிவிடுவாள். விழுந்து கையை ஊன்றியவனுக்கு மணிக்கட்டு உடையும். தலைக்கு வந்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவனுக்கு முன்கையில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடையும். ஒரு தேர்தல் முடிந்த வாரத்தில் அப்படிப் பத்தொன்பது கைகள் வந்தன. இரண்டு கட்சிப் பையன்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்கும் இருபத்தைந்து தாண்டவில்லை.

ஈரத்துணியைச் சுற்றியபடியே ஒருவனிடம் கேட்டாள். "நீங்க எத்தனை பேரு?"

"பன்னெண்டு பேர் இருப்போம்."

"அந்தப் பக்கம்?"

"ரெண்டே பேருதான், அக்கா."

அவன் குரலில் துளி வெட்கம் இல்லை. அதுதான் அவளை அரித்தது.

கல்யாணத்துக்கு முன்பு அவள் கம்புச் சண்டைப் போட்டிகளுக்குப் போனவள். கம்போடு கூடவே, பழைய வீரர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகளையும் கற்றிருந்தாள். ஆயுதம் இல்லாதவனைத் தொடாதே. ஓடுகிறவனை விரட்டாதே. விழுந்தவன் எதிரியானாலும் தூக்கிவிடு. ஒருவனைப் பலர் சூழாதே. கண்ணெதிரே அநியாயம் நடந்தால் புறமுதுகு காட்டாதே. இவை தெரிந்திருந்தால் அந்தப் பையன் வெட்கப்பட்டிருப்பான் என்று நினைத்தாள். மருத்துவமனைக்குப் பின்னால், துணி காயப்போடும் கொட்டகையைக் கெஞ்சி வாங்கி ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கம்பு வகுப்பு ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது அவள் தம்பி. பன்னிரண்டு வயது இளையவன், லிஃப்ட் மெக்கானிக். அவள் வளர்த்த பிள்ளை என்றே சொல்லலாம். அவன் இழுத்து வந்ததில் கூட்டம் முப்பதைத் தொட்டது. வாசலில் கட்சித் துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வர வேண்டும் என்பது அவள் கறார். ஒரே ஆணியில் இரண்டு நிறத் துண்டுகளும் தொங்கின.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் ஒருவன் கன்னம் வீங்கி வந்தான். பஸ் நிறுத்தத்தில் குடிகாரன் அறைந்திருக்கிறான். "திருப்பிக் குடுக்கலயா?" என்று கூட இருந்தவர்கள் சீண்டினார்கள்.

"அவன் கையில ஒண்ணுமில்லயே" என்றான் அவன்.

அன்று முப்பது பேருக்கும் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது கட்சிக்காரர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். பணிவான மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். "ஊர்வலத்துக்குக் காவலா நிக்கணும், அவ்ளோதாம்மா. அடிக்கச் சொல்லல. உங்க பிள்ளைங்களுக்கு இருக்கிற ஒழுங்கு எங்க ஆளுங்களுக்கு இல்ல."

"அந்த ஒழுங்கு அதுக்கில்லங்க" என்று அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த தம்பி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "போன மாசம் எதிர்க்கட்சி ஆளுங்க நம்ம தெருவுல கடையைக் கொளுத்தினாங்க. பார்த்துட்டு சும்மா இருக்கணுமா?"

"சும்மா இருன்னு நான் சொல்லல."

"வேற என்ன செய்யணும்னு சொல்லு. புறமுதுகு காட்டாதேன்னு சொல்லிக்குடுத்தது நீதானே?"

யோசித்து நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வந்தது ஒன்பது பேர். மற்றவர்கள் தம்பியோடு ஊர்வலக் காவலுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

ஊர்வலத்தன்று அவளுக்குப் பகல் டியூட்டி. மூன்று மணிக்கு மேல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த இளம் டாக்டர், "எல்லாம் ஒரே இடத்துல, சுத்தமா உடைஞ்சிருக்கு, பார்த்தீங்களா" என்று வியந்தார். அவள் பார்த்தாள். முன்கையின் நடுவில், வழுக்காமல் விழுந்த அடி. அதை மணிக்கணக்காகப் பழக்கியவள் அவள்தான்.

கடைசியாக உட்கார்ந்தவர் ஒரு தையல்காரர். எந்தக் கட்சியும் இல்லை, கடையை மூடிவிட்டு ஓடியவர். "ஒரு விஷயம் மட்டும் புரியலம்மா" என்றார். "அடிச்ச பையன் அடிச்சிட்டு, கம்பை நெத்தியில வச்சு என்னைக் கும்பிட்டான்."

ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்குச் செய்யும் மரியாதை அது. அவள் கையில் மாவு இறுகத் தொடங்கிவிட்டது. புதிதாகக் கரைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று தம்பியிடம் கேட்டபோது, அவன் கண்ணைப் பார்த்தே பேசினான். "விழுந்த ஒருத்தனையும் மிதிக்கல. ரெண்டு பேரைத் தூக்கி ஆட்டோல ஏத்தினோம். நீ சொன்னபடிதான்."

"ஓடினவனை?"

"கூட்டத்துல யாரு ஓடுறா, யாரு வர்றான்னு தெரியலக்கா."

வகுப்பை மூடினாள். வகுப்பு மூடவில்லை. கட்சி அலுவலக முற்றத்தில் தம்பி நடத்தினான், கூட்டம் எண்பது ஆனது. ஒருநாள் மனம் பொறுக்காமல் அங்கே போனாள். அவளைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலி போட்டார்கள். "ஓடுறவனை என்ன செய்யணும்?" என்று கேட்டாள். "விரட்டக்கூடாது" என்று எண்பது குரலும் ஒன்றாகச் சொன்னது. ஐந்து கட்டுப்பாடுகளையும் பிசகாமல் ஒப்பித்தார்கள். அவள் புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை. தந்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆறு வாரம் கழித்துத் தையல்காரருக்குக் கட்டைப் பிரித்தாள். எலும்பு ஒட்டியிருந்தது, ஆனால் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்ப வரவில்லை. "மெஷின்ல துணியை எப்படித் தள்ளுவேன்?" என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களை அடிச்ச பையனுக்குக் கம்பு சொல்லிக்குடுத்தது நான்தாங்க" என்றாள்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கட்டுப் பிரித்த கையைத் தடவியபடி, "ஓ" என்றார். பிறகு, "நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தினமும் வந்தால் கைக்குப் பயிற்சி கொடுப்பதாகச் சொன்னாள். மூன்று வாரம் வந்தார். அப்புறம் வரவில்லை. கடைக்குப் போய்ப் பார்த்தாள். வேறு யாரோ அங்கே செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.