இரண்டு ஒயர்களைப் பிடித்திருந்தவர்

சுனாமிக்குப் பிறகு, எங்கள் தீவின் கராச்சர்மா முகாமில் நிவாரணச் சீட்டு அச்சடிக்க என்னை அனுப்பியிருந்தார்கள். கரண்ட் இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. கையோடு கொண்டுபோன பழைய பிரிண்டரின் பேட்டரிதான் செத்திருந்தது. அந்த மாடலுக்கு வேறு பேட்டரி மெயின்லேண்டிலும் கிடையாது.

முகாமில் தங்கியிருந்த ஓர் ஆட்டோக்காரர் வந்தார். நரைத்த தாடி, காக்கிச் சட்டை. எதைத் தொடுமுன்னும் சட்டை நுனியில் விரல்களைத் துடைத்துக்கொள்வார். பிரிண்டரைத் திருப்பிப் பார்த்து, “இதுவும் பன்னெண்டு வோல்ட்தான் சார்,” என்று தன் ஆட்டோ பேட்டரியைக் கழற்றி வந்தார். சார்ஜர் ஒயரை வெட்டி முறுக்கிவிடலாம் என்றார்.

“சர்க்காரி சாமான். வெட்டக் கூடாது,” என்றேன்.

அதனால் ஆட்டோ பேட்டரியிலிருந்து வேறு இரண்டு ஒயர்களை இழுத்து, பிரிண்டரின் பேட்டரிக் குழிக்குள் விரலால் அழுத்தியபடி சாயங்காலம்வரை குந்தியிருந்தார். வரிசை தீர்ந்ததும் நான் லேப்டாப்பை மூடினேன்.

“சார், என்னோட சீட்டு?”

“நீங்க லைன்ல நிக்கலையே. நாளைக்கு வாங்க.”

விரல்களைத் துடைத்துக்கொண்டார். “அச்சா சார். பேட்டரியும் எடுத்துட்டு வரவா?”

“கொண்டு வாங்க,” என்றேன்.

அவர் குரலில் கொஞ்சமாவது குத்தல் இருந்ததா என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.