கதீட்டர் சுவரில் வேகம்

இல்லை, கோகிலா போனது இதயத்தால் இல்லை. இரத்த ஓட்டத்தில் ஆராய்ச்சி செய்தவள் என்பதால் துறையில் நீங்கள் எல்லோரும் முதலில் அதையே கேட்கிறீர்கள். டெங்கு. ஆறு நாள். நான் சூலூர் பேருந்தில் இருந்தபோது கோகிலாவின் தம்பி அன்னூரிலிருந்து அழைத்தான். "அக்கா போயிருச்சுங்க." பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

கணிதத் துறையில் ஆய்வு மாணவிகளான அவளும் நானும் ஒரே மேசையின் இரு பக்கம். சுருங்கிய இரத்தக் குழாய்க்குள் மருத்துவர் கதீட்டர் என்ற மெல்லிய குழலை நுழைக்கிறார்; எஞ்சிய இடுக்கில்தான் இரத்தம் போக வேண்டும். அழுத்தம் எவ்வளவு கூடும்? இதுதான் அவள் எடுத்த சிக்கல். எனக்குப் புரியவில்லை. மறுநாள் ஊரிலிருந்து சொட்டுநீர்க் குழாயில் ஒரு துண்டு கொண்டுவந்தாள். ஈர்க்குச்சியை உள்ளே விட்டு, கைகழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்தாள்.

"அடைப்பு எங்கன்னு பாக்க உட்ட குச்சி, அதுவே அடைக்குது பாரு அம்மணி."

இருவரும் நனைந்தோம்.

அந்தச் சிக்கலைத் தீர்த்து எழுதிய கட்டுரையின் வரைவைத் தன் ஆய்வு நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள், எனக்கும் ஒரு நகல் போட்டு. ஒரு வாரத்தில் தன் தவறைத் தானே கண்டுபிடித்தாள். கதீட்டரைத் தொடும் இரத்தம் நகராது. சமன்பாட்டில் அந்த இடத்தை வைத்தால் வேகம் பூச்சியம் வர வேண்டும். அவள் கழித்தல் குறிக்குப் பதிலாகக் கூட்டல் போட்டிருந்தாள். சொல்லப் போனபோது, "அதெல்லாம் அப்பறம் பாக்கலாம், போம்மா" என்று நெறியாளர் அனுப்பிவிட்டார்.

ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர் மட்டும். நான் பெயரைப் பார்த்தேன். அவள் சமன்பாட்டைப் பார்த்தாள். சிரித்தாள்.

"என்ற தப்பையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்காரு. திருடறவங்க கொஞ்சம் சரி பாத்து எடுக்கோணுமில்ல?"

துறைத் தலைவரிடம் போகிறேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப வாயத் தொறந்தா என்ற டாக்டர் பட்டம் போயிரும். கைக்கு வரட்டும், நானே எழுதறேன். அதுவரைக்கும் நீ ஒண்ணும் செஞ்சுபோடாதே."

ஒன்றரை ஆண்டு இதைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருந்தேன். பட்டத்துக்கான அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்காமல் நெறியாளர் இழுத்துக்கொண்டே போனார்.

இரங்கல் கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். "நல்ல புள்ளைங்க. கணக்கெல்லாம் நான் போட்டுக் குடுத்தது. படம் மட்டும் அழகா வரைஞ்சு குடுக்கும்" என்றார் நெறியாளர். தலையாட்டினீர்கள். நான் எழுந்தேன்.

"சார், உங்க கட்டுரையில கதீட்டர் சுவர்ல வேகம் எவ்வளவுங்க?"

"ஜீரோ. இது என்ன கேள்விம்மா, இந்த எடத்துல?"

"போட்டுப் பாத்தீங்களாங்க?"

யாரோ என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள்.

சமன்பாடு அவருடையது என்றால் தவறும் அவருடையது. தவறு அவளுடையது என்றால் சமன்பாடும் அவளுடையது. இரண்டில் ஒன்றை அவர் வாயால் சொல்லட்டும். நியாயத்துக்காக என்று நான் சொல்லமாட்டேன். அவர் வியர்ப்பதைப் பார்க்க வேண்டும். பட்டம் இனி வராது. அவளிடமிருந்து பறிக்க அவருக்கும் எதுவும் மிச்சமில்லை.

தம்பி அவளுடைய நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டான். ஒரு பக்கத்தில் கூட்டல் குறியை அடித்திருக்கிறாள். அருகே தேதி. கீழே, தன்னைத்தானே திட்டி: "எருமை, ஒருக்கா வெச்சுப் பாத்திருக்கலாமில்ல." அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வரி. தன் தவறை அவள் அழித்து மறைக்கவில்லை, தேதி போட்டாள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பக்கத்தின் படத்தையும், அவள் வரைவு அனுப்பிய மின்னஞ்சலையும் இதழின் ஆசிரியருக்கு அனுப்பினேன். நெறியாளருக்கும் ஒரு நகல் போட்டேன். பிறகு வகுப்பெடுக்கப் போனேன்.